எந்த பி.கே.சி.? ஒரே நொதிக் குடும்பத்தின் ஐசோஃபார்ம்களைப் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் உயிர்வேதியியலோ உயிர்த்தொழில்நுட்பமோ படிக்கிற பிள்ளைகள், கடைசி ஆண்டு புராஜெக்ட் என்று வந்ததும் ஒரு மூலிகையைக் கையில் எடுப்பது இயல்பு. சித்த வைத்தியமும் வர்மமும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் மண் இது. மருத்துவாமலை கண்ணெதிரே நிற்கிறது. மூலிகையை எடுத்த கையோடு, அதிலுள்ள ஒரு சேர்மம் 'புரோட்டீன் கைனேஸ் சி' (பி.கே.சி.) என்ற நொதியைத் தடுக்கிறதா, தூண்டுகிறதா என்று தலைப்பும் வைத்துவிடுகிறார்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி வரும்: "எந்த பி.கே.சி.?" "பி.கே.சி.தான் சார்" என்று சொன்னால் பேச்சு அதோடு நின்றுபோகும். புராஜெக்ட்டும் அங்கேயே நிற்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம், ஏனென்றால் விஷயத்தின் சுவையே அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மனிதனில் பி.கே.சி. என்ற பெயருக்குள் ஒன்பது மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இரண்டு புரதங்களைத் தருகிறது, ஆகப் பத்து. ஒரே குடும்பத்தில் இப்படிச் சற்றே வேறுபடும் வடிவங்களைத்தான் ஐசோஃபார்ம்கள் என்கிறோம். எல்லாமே செரீன், திரியோனின் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஒட்டவைக்கும் நொதிகள். வினைபுரியும் பகுதி ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒன்று இதயத்தைக் காக்கும்போது இன்னொன்று அதே இதயத்துக்குச் சேதம் செய்கிறது.

நம் ஊர்க்காரருக்கு இது விளங்க ரப்பர் தோட்டமே போதும். ரப்பர், மரச்சீனி, ஆமணக்கு, நேர்வாளம் எல்லாம் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதற்காக மரச்சீனி மூட்டில் பால் வெட்டப் போகிறவர் யாரும் இல்லை. நேர்வாளங்கொட்டையை அவித்துத் தின்பவரும் இல்லை. நொதிக் குடும்பத்தையும் இந்த விவேகத்தோடுதான் அணுக வேண்டும்.

நேர்வாளத்தைச் சும்மா இழுத்துவரவில்லை. பி.கே.சி. கதையின் நடுவிலேயே அது இருக்கிறது. ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் யசுதோமி நிஷிசுகாவின் குழு 1977ல் இந்த நொதியை முதலில் விவரித்தது. 1982ல் அதே ஆய்வகம், நேர்வாள எண்ணெயில் உள்ள ஃபோர்பால் எஸ்டர் இந்த நொதியை நேரடியாக எழுப்புகிறது என்று காட்டியது. சித்த மருத்துவத்தில் சுத்தி செய்த பிறகே நேர்வாளத்தை மருந்தில் சேர்ப்பார்கள். கடும் பேதி உண்டாக்கும் நஞ்சு அது. எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் போடும். எலித்தோலில் புற்றுக்கட்டி வளரத் துணைபோகும் பொருளாக அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருந்தார்கள். அது எந்த வழியாக வேலை செய்கிறது என்பது பி.கே.சி. கிடைத்த பிறகுதான் தெரிந்தது. ஆய்வகத்தில் சுத்தமான ஃபோர்பால் எஸ்டரைக் கையாளும்போதும் கையுறை கட்டாயம்.

முதல் படி: மூன்று கிளையாகப் பிரியுங்கள்

1986ல் மரபணுக்களைக் குளோனிங் முறையில் பிரித்தெடுத்தபோதுதான் பி.கே.சி. ஒன்றல்ல, பல என்பது உறுதியானது. இன்று மூன்று கிளைகளாகப் பிரிக்கிறோம். இதை மனப்பாடம் செய்யாமல், 'எழுப்புவது எது' என்ற ஒரே கேள்வியை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள்.

மரபுக் கிளையில் ஆல்ஃபா, பீட்டா ஒன்று, பீட்டா இரண்டு, காமா. இவை எழும்ப கால்சியமும் வேண்டும், டையசில்கிளிசரால் என்ற கொழுப்பும் வேண்டும். புதுக் கிளையில் டெல்டா, எப்சிலான், ஈட்டா, தீட்டா. இவற்றுக்கு டையசில்கிளிசரால் போதும், கால்சியம் தேவையில்லை. மாறுபட்ட கிளையில் ஜீட்டாவும் அயோட்டாவும். இவற்றுக்கு இரண்டுமே வேண்டாம்; மற்றப் புரதங்களோடு சேர்ந்துதான் வேலை செய்கின்றன. எலியின் அயோட்டாவை லாம்ப்டா என்று எழுதியிருப்பார்கள். வேறு நொதி என்று மயங்க வேண்டாம்.

ஒரு தாளில் பத்து வரிசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம் விடுங்கள்: எழுப்புவது எது, செல்லுக்குள் எங்கே போகிறது, எந்தத் திசுவில் இருக்கிறது, அந்த வேலையை அதுதான் செய்கிறது என்பதற்குச் சான்று என்ன. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கட்டங்களை நிரப்பும் வேலைதான். நான்காவது கட்டத்தை மற்றதைவிட இரண்டு மடங்கு அகலமாக விடுங்கள்.

இரண்டாம் படி: அமினோ அமில வரிசையை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்

இதற்கு ஆய்வகம் வேண்டாம், இணைய இணைப்பு போதும். புரத வரிசைகளைச் சேமித்து வைத்திருக்கும் யூனிப்ராட் தளத்தில் மனித ஆல்ஃபாவின் எண் பி17252, டெல்டாவின் எண் கியூ05655, ஜீட்டாவின் எண் கியூ05513. முதல் எழுத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். மூன்றின் வரிசையையும் இறக்கி, வரிசைகளை ஒப்பிடும் கிளஸ்டல் ஒமேகா என்ற இணையக் கருவியில் பக்கம்பக்கமாக அடுக்குங்கள். ஆல்ஃபா 672 அமினோ அமிலம், டெல்டா 676, ஜீட்டா 592. பின்பாதியில் வினைப்பகுதி நெருங்கிப் பொருந்துவதும், முன்பாதி சிதறிக் கிடப்பதும் உடனே தெரியும். குணவேறுபாட்டின் பெரும்பங்கு அந்த முன்பாதியில்தான் இருக்கிறது.

முன்பாதியில் கவனிக்க வேண்டியவை சில. சி1 என்ற பகுதி டையசில்கிளிசராலைப் பிடிக்கும். ஃபோர்பால் எஸ்டரும் அதே இடத்தில்தான் உட்காரும். மரபுக் கிளைக்கும் புதுக் கிளைக்கும் இரண்டு சி1 உண்டு. மாறுபட்ட கிளைக்கு ஒன்றுதான், அதுவும் இந்தக் கொழுப்பைப் பிடிக்காது. சி2 என்ற பகுதி மரபுக் கிளையில் அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலங்களைக் கொண்டு கால்சியத்தைப் பற்றும். புதுக் கிளையிலும் சி2 உண்டு. ஆனால் கால்சியத்தைப் பற்ற வேண்டிய அஸ்பார்டேட்டுகள் அதில் இல்லை, இடமும் மாறி சி1க்கு முன்னால் வந்து நிற்கும். ஜீட்டாவிலும் அயோட்டாவிலும் சி2வே இல்லை. தொடக்கத்தில் பிபி1 என்ற பகுதி இருக்கிறது, பார்6, பி62 போன்ற புரதங்களோடு கைகோப்பது அதன் மூலம்தான்.

சி1க்குச் சற்று முன்னால் ஒரு சிறு துண்டு, இலக்குப் புரதத்தின் வரிசையைப் போலவே இருக்கும். ஆனால் பாஸ்பேட் ஏற வேண்டிய செரீன் அல்லது திரியோனினுக்குப் பதில் அலனின் இருக்கும். இந்தப் போலி இலக்கு நொதியின் வாயை அடைத்து உறக்கத்தில் வைத்திருக்கிறது. கொழுப்பும் கால்சியமும் செய்கிற வேலை இதை வெளியே இழுப்பதுதான்.

இப்போது என் மனத்துக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இரண்டாவது சி1ல் இருபத்திரண்டாவது இடத்தைத் தேடுங்கள். மரபுக் கிளையில் அங்கே டைரோசின். புதுக் கிளையில் டிரிப்டோபான். இந்த ஒரே ஒரு அமினோ அமில மாற்றம், டையசில்கிளிசரால் சவ்வின் மீதான பிடிப்பை ஏறக்குறைய நூறு மடங்கு மாற்றுகிறது என்று 2007ல் நிறுவினார்கள். கால்சியத்தின் உதவி இல்லாமல் புதுக் கிளை எப்படிச் சமாளிக்கிறது என்ற கேள்விக்கு இதுதான் விடை: கொழுப்பைப் பிடிக்கும் பிடி அத்தனை உறுதி. அறுநூற்றுச் சொச்சம் எழுத்துகளில் ஓர் எழுத்து! அடுக்கிய வரிசையில் அந்த இடத்தை வட்டமிட்டு ஆய்வேட்டில் படமாகப் போடுங்கள்.

பீட்டா ஒன்றும் இரண்டும் வேறு மாதிரி. இரண்டும் ஒரே மரபணு, ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் விதத்தில் வால்பகுதியின் கடைசி ஐம்பது அமினோ அமிலங்கள் வரைதான் மாறுகின்றன. நீளம் 671, 673. மரபணு ஒன்று என்றால் நொதியும் ஒன்று என்ற எண்ணம் இங்கே செல்லாது. மரபணுவை நீக்கிச் சோதனை செய்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். வால்பகுதியைக் குறிவைக்கும் எதிர்ப்பொருளால்தான் இவற்றைப் பிரித்துப் பார்க்க முடியும்.

மூன்றாம் படி: நேரத்தையும் இடத்தையும் சேர்த்துப் படியுங்கள்

ஒரு ஹார்மோன் வெளியிலிருந்து வந்து ஏற்பியைத் தொடுகிறது. உள்ளே பாஸ்போலிபேஸ் சி என்ற நொதி விழித்து, சவ்விலுள்ள ஒரு கொழுப்பை இரண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு ஐபி3. அது நீரில் கரைந்து போய்ச் செல்லுக்குள் சேமித்த கால்சியத்தைத் திறந்துவிடும். மறு துண்டு டையசில்கிளிசரால். அது சவ்விலேயே தங்கும். கால்சியம் சில நொடிகளில் ஏறுகிறது. ஆல்ஃபா போன்றவை கால்சியத்தைப் பற்றிக்கொண்டு வெளிச்சவ்வுக்கு ஓடுகின்றன. அங்கே போன பிறகு கொழுப்பைக் கண்டுபிடிக்கின்றன. புதுக் கிளைக்குக் கால்சியத்தின் வேகம் கிடையாது, மெதுவாகவே போகும். ஆனால் டையசில்கிளிசரால் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் கால்ஜி உறுப்பில் போய்த் தங்கும் நாட்டம் அவற்றுக்கு உண்டு. ஆக ஒரே ஹார்மோன், ஒரே வெட்டு. ஆனால் ஒரு கிளை வெளிச்சவ்வில் சிறுபொழுது வேலை செய்ய, மறு கிளை உட்சவ்வில் நீடித்து வேலை செய்கிறது. அருகில் கிடைக்கும் இலக்குப் புரதங்களும் வேறு. வினைப்பகுதி ஒன்றுபோல இருந்தும் விளைவு மாறுவதற்கு இதுதான் முதன்மைக் காரணம் என்பது என் துணிபு.

தீட்டா இதற்கு அழகான எடுத்துக்காட்டு. நோயெதிர்ப்பு வேலை செய்யும் டி செல், தன் எதிரியைக் காட்டும் செல்லோடு ஒட்டும்போது, அந்த ஒட்டுமிடத்தின் நட்டநடுவில் தீட்டா குவிகிறது. டி செல்லில் வேறு பி.கே.சி.க்களும் இருக்கின்றன, நடு இடம் தீட்டாவுக்கு. அதன் நடுக்கீல் பகுதியில் உள்ள வரிசைதான் அதை அங்கே கொண்டுசேர்க்கிறது.

நான்காம் படி: திசு

ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் தளத்தில் ஒவ்வொன்றையும் தேடி மூன்றாவது கட்டத்தை நிரப்பலாம். ஒரு மாலை போதும். ஆல்ஃபாவும் டெல்டாவும் பல திசுக்களில் பரவலாக இருக்கும். காமா நரம்புச் செல்களோடு நிற்கும், குறிப்பாகச் சிறுமூளையின் புர்கின்ஜி செல்களில். காமா மரபணுவில் பிழை வந்தால் தண்டுவட-சிறுமூளைத் தள்ளாட்ட நோயின் பதினான்காம் வகை வருகிறது. நடை தள்ளாடும், பேச்சு குழறும். பல பிழைகள் மேலே சொன்ன சி1 பகுதியிலேயே விழுகின்றன. உங்கள் மூலிகைச் சேர்மத்தைக் கல்லீரல் செல்லில் சோதித்துவிட்டு காமாவைப் பற்றி எழுதினால் பொருளில்லை என்பது இந்தக் கட்டத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஐந்தாம் படி: சான்றை எடைபோடுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். 'டெல்டாவின் வேலை இது' என்று ஒரு கட்டுரை சொன்னால், எதைக் கொண்டு சொன்னார்கள் என்று பாருங்கள்.

கபிலப்பொடி தெரியுமல்லவா? மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் குரங்கு மஞ்சணாத்தி மரத்தின் காய்மேல் படிந்த செந்தூள். குடற்புழுவுக்குக் கொடுப்பார்கள், பட்டுக்குச் சாயமும் ஏற்றுவார்கள். அதுவும் ஆமணக்குக் குடும்பமே. அதிலுள்ள ராட்லெரின் என்ற சேர்மம் டெல்டாவை மட்டும் தேர்ந்து தடுக்கிறது என்று 1990களில் நம்பி, எண்ணற்ற ஆய்வுகளில் பயன்படுத்தினார்கள். 2000ல் பல கைனேஸ்களை வரிசையாக வைத்துச் சோதித்தபோது, அது டெல்டாவைச் சரியாகத் தடுக்கவே இல்லை. வேறு கைனேஸ்களைத் தடுத்தது. அடுத்த ஆண்டு, அது மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தியைக் குலைத்து மறைமுகமாக விளைவு காட்டுகிறது என்றும் தெரிந்தது. ஆனாலும் ராட்லெரினை 'டெல்டா தடுப்பான்' என்றே சொல்லும் கட்டுரைகள் அதன் பிறகும் வந்துகொண்டிருந்தன. உங்கள் மேற்கோள் பட்டியலில் ராட்லெரின் மட்டுமே சான்றாக உள்ள கட்டுரை இருந்தால், நான்காவது கட்டத்தில் 'பலவீனம்' என்று எழுதுங்கள்.

நினைவாற்றல் ஆய்வில் நடந்தது இன்னும் பெரிய பாடம். ஜீட்டா மரபணுவின் உள்ளே இன்னொரு தொடக்கப்புள்ளி உண்டு. மூளையில் அங்கிருந்து படியெடுத்தால், கட்டுப்படுத்தும் முன்பாதி இல்லாத, எப்போதும் விழித்திருக்கும் பி.கே.எம். ஜீட்டா கிடைக்கிறது. ஜிப் என்ற சிறு பெப்டைடால் அதைத் தடுத்தால் எலியின் பழைய நினைவு அழிகிறது என்று கண்டார்கள். 2013ல் இரண்டு குழுக்கள் ஜீட்டா மரபணுவையே நீக்கிய எலிகளை வளர்த்தன. நினைவு இயல்பாக இருந்தது. இல்லாத நொதியைத் தடுக்க வேண்டிய ஜிப், அந்த எலிகளிலும் நினைவை அழித்தது. கதை அதோடு முடியவில்லை. ஜீட்டா இல்லாதபோது அதன் நெருங்கிய உறவான அயோட்டா/லாம்ப்டா இடத்தை நிரப்புகிறது என்று 2016ல் ஒரு குழு காட்டியது. தடுப்பானை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம், மரபணு நீக்கத்தை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். தடுப்பான், மரபணு நீக்கம் இரண்டும் ஒரே திசை காட்டி, நீக்கிய செல்லில் அந்த ஐசோஃபார்மைத் திரும்பச் சேர்க்கும்போது பழைய நிலை மீள்கிறது என்றால் மட்டும் 'வலுவானது' என்று எழுதுங்கள்.

இதயத்துக்கும் இப்படியே. விலங்குச் சோதனைகளில் இரத்த ஓட்டம் தடைபட்டுத் திரும்பும்போது டெல்டா சேதம் செய்வதாகவும், எப்சிலான் முன்கூட்டியே விழித்தால் காப்பதாகவும் பல ஆய்வகங்கள் கண்டன. டெல்டாவைத் தடுக்கும் டெல்காசெர்டிப் என்ற பெப்டைடை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளில் சோதித்தார்கள்; 2014ல் வந்த முடிவில் பலன் தெரியவில்லை. எலியில் உறுதியான வேறுபாடும் நோயாளியில் மருந்தாகும் என்று எழுதிவிடக் கூடாது.

புற்றுநோயில் ஒரு திருப்பம். நேர்வாள எண்ணெய் கட்டியை வளர்க்கிறது, அது பி.கே.சி.யை எழுப்புகிறது, ஆகவே பி.கே.சி.யைத் தடுத்தால் புற்று அடங்கும் என்று பல ஆண்டுகள் மருந்து தேடினார்கள், பலன் கிட்டவில்லை. 2015ல் புற்றுக்கட்டிகளில் கண்ட பி.கே.சி. மாற்றங்களைச் சோதித்தபோது, செயல்மாற்றம் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை நொதியைச் செயலிழக்கச் செய்பவையாக இருந்தன. அதாவது பல இடங்களில் பி.கே.சி. கட்டியை அடக்கும் பக்கம் நிற்கிறது. ஃபோர்பால் எஸ்டர் நெடுநேரம் இருந்தால் எழுப்பிய நொதியையே செல் சிதைத்து ஒழித்துவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பழைய முரண் விலகத் தொடங்கும்.

ஆறாம் படி: ஆய்வக மேசையில்

பெரிய வசதி இல்லாவிட்டாலும், செல் வளர்ப்பும், எதிர்ப்பொருளால் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டும் இருந்தால் கிளையைக் கண்டுபிடித்துவிடலாம். செல்லுக்கு ஃபோர்பால் எஸ்டரை 100 நானோமோலார் அளவில் அரைமணி நேரம் கொடுத்து விளைவைப் பாருங்கள். விளைவு இருந்தால் மரபு அல்லது புதுக் கிளை. மாறுபட்ட கிளை இதற்கு அசையாது. இன்னொரு தட்டில் அதையே ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டு, பிறகு உங்கள் தூண்டுதலைக் கொடுங்கள். அந்நேரத்துக்குள் முதல் இரண்டு கிளைகளும் பெரும்பாலும் சிதைந்திருக்கும். அப்போதும் விளைவு அப்படியே இருந்தால், ஜீட்டா, அயோட்டா பக்கமோ பி.கே.சி.க்கு வெளியேயோ தேட வேண்டும். அடுத்து பாப்டா-ஏஎம் கொண்டு உட்கால்சியத்தைப் பிடித்து வைத்தால் மரபுக் கிளை தளரும், புதுக் கிளைக்கு அவ்வளவு பாதிப்பிராது. கோ6976 மரபுக் கிளையைத் தடுக்கும்; கோ6983 புதுக் கிளையையும் சேர்த்துத் தடுக்கும்.

இவை எதுவும் தனியே தீர்ப்புச் சொல்லாது. ஃபோர்பால் எஸ்டர் ராஸ்ஜிஆர்பி, கைமேரின், பி.கே.டி. போன்ற சி1 உள்ள வேறு புரதங்களையும் தொடும். கோ6976 பி.கே.டி.யையும் ஜாக்2 என்ற வேறொரு கைனேஸையும் தடுக்கும். ஆகவே இந்தச் சோதனைகளால் கிளையைக் குறுக்கிவிட்டு, ஐசோஃபார்மை, மரபணுவை அடக்கும் எஸ்ஐஆர்என்ஏ அல்லது வெட்டி நீக்கும் கிறிஸ்பர் கொண்டு உறுதிசெய்யுங்கள். எதிர்ப்பொருள் வாங்கும்போது அந்த ஐசோஃபார்மை நீக்கிய செல்லில் பட்டை மறைகிறதா என்ற படம் இருக்கிறதா என்று கேளுங்கள். எண்பது கிலோடால்டன் எடைக்கு அருகில் இந்தக் குடும்பத்தார் பலரும் நெருங்கி நிற்பார்கள்.

டாக்கிங் மட்டும் செய்பவர்களுக்கு

மக்களே, இதைப் பொறுமையாகப் படியுங்கள். ஒரு சேர்மம் புரதத்தில் எங்கே, எவ்வளவு பொருந்தும் என்று கணினியில் கணிப்பதுதான் டாக்கிங். நம் பக்கத்துப் புராஜெக்ட்டுகளில் பல இந்த வகைதான். எழுப்பும் பொருள் உட்காருவது சி1ல். பெரும்பாலான தடுப்பான்கள் உட்காருவது வினைப்பகுதியின் ஏடிபி குழியில், அதாவது பாஸ்பேட்டைத் தரும் ஏடிபி வந்து உட்காரும் இடத்தில். உங்கள் சேர்மம் எதைச் செய்யும் என்ற கருதுகோளுக்கு ஏற்ற குழியைத் தேர்ந்தெடுங்கள். புரோட்டீன் டேட்டா பேங்கில் 1பிடிஆர் என்பது டெல்டாவின் சி1 பகுதியும் ஃபோர்பாலும் சேர்ந்த படிகம். 2ஐ0இ என்பது பீட்டா இரண்டின் வினைப்பகுதி தடுப்பானோடு. எதை எடுத்தீர்களோ அந்த ஐசோஃபார்மின் பெயரைத் தலைப்பிலேயே போடுங்கள். ஏடிபி குழி குடும்பம் முழுக்க ஒன்றுபோல இருப்பதால், ஒன்றில் கிடைத்த மதிப்பெண்ணை வைத்து 'தேர்ந்து தடுக்கிறது' என்று எழுத வழியில்லை. குறைந்தது தீட்டா, அயோட்டா வினைப்பகுதிகளிலும் அதே சேர்மத்தை வைத்துப் பார்த்து, தெரிந்த தடுப்பான் ஒன்றையும் ஒப்பீட்டுக்குச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டுங்கள். மதிப்பெண்ணில் சிறு வேறுபாடு வந்தால் அது கணிப்பின் பிழை எல்லைக்குள் அடங்கிவிடும்.

அட்டவணையை வேறு குடும்பத்துக்குக் கொண்டுபோக

கட்டங்கள் நிரம்பிவிட்டால் அதே தாளை ஏகேடி கைனேஸ்களுக்கு வைத்துப் பாருங்கள். சர்க்கரை நோய்ப் புராஜெக்ட் செய்பவர்களுக்கு இது நேரடியாக உதவும். மூன்றே வரிசை: ஏகேடி1, ஏகேடி2, ஏகேடி3. ஒன்றாவதை நீக்கிய எலி சிறுத்து வளர்கிறது. இரண்டாவதை நீக்கியது இன்சுலினுக்குச் செவிசாய்க்காமல் சர்க்கரை நோய் போன்ற நிலைக்குப் போகிறது. மூன்றாவதை நீக்கியதில் மூளை சிறுக்கிறது. மனிதரிலும் ஏகேடி2ல் பிழையுள்ள ஒரு குடும்பத்தில் கடும் இன்சுலின் எதிர்ப்பு இருந்ததை 2004ல் பதிவுசெய்தார்கள். ஆனால் 'எழுப்புவது எது' என்ற முதல் கட்டத்தை நிரப்பினால் மூன்று வரிசையிலும் பிஐபி3 என்ற சவ்வுக் கொழுப்பு என ஒரே விடைதான் வரும். பி.கே.சி.யில் பாதி வேலையை முடித்துத் தந்த கட்டம் இங்கே உதவாது. இரண்டாவது, மூன்றாவது கட்டங்களில் கூடுதல் நேரம் செலவிட வேண்டியிருக்கும். வெள்ளைக் கொழுப்பு, தசை, கல்லீரலில் ஏகேடி2 எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குங்கள்.